கைவிடப்பட்ட ஓநாயின் சாட்சி

ஒரு காட்டில், “விழித்திருங்கள், ஏனென்றால்…” என்று தொடங்கும் வாக்கியம் ஒன்று வழங்கிவந்தது. மூத்த யானை ஒன்று தன் கடைசிக் கன்வென்ஷன் கூட்டத்தில் சொன்னது. ஏனென்றாலுக்குப் பிறகு என்ன என்று யாருக்கும் ஞாபகமில்லை. மைக் அடைத்துக்கொண்டது என்பார் ஒரு சாரார். அந்த நேரம் பார்த்துச் சுக்குக்காப்பி வந்துவிட்டது என்பார் மறு சாரார். இரு சாராரும் தனித்தனி ஆலயம் கட்டிக்கொண்டு, ஒரே மேய்ப்பருக்காகக் காத்திருந்தார்கள். திரும்பி வருவேன் என்று சொல்லிப்போனவர் அவர். அவர் வந்தால் காட்டில் வேட்டை இராது, பசி இராது.

அவர் எப்போது வருவார் என்று கணக்கிடுவதற்கு ஒரு வருகைக் கமிட்டி இருந்தது. அதன் கன்வீனர் வேதமாணிக்கம் என்ற வெள்ளாட்டுக்கிடா. நல்ல தாடி. அது பன்னிரண்டடி ஃபிளெக்ஸில் அடையாளங்களை எல்லாம் கட்டம் போட்டு வைத்திருந்தது. பஞ்சம், டிக். நில அதிர்ச்சி, டிக். அன்பு தணிந்துபோதலுக்கு இரண்டு டிக். மற்ற ஆலயத்தோடு சுவர்த் தகராறு வந்த வருஷம் ஒன்று கூடுதலாகப் போட்டது. மிச்சம் ஒரே கட்டம்: ஓநாயும் ஆடும் ஒரே தொழுவில் தங்க வேண்டும்.

“அவர் தாமதிக்கல. நாமதான் கட்டத்த நிரப்பாம அவரக் காக்க வச்சிருக்கோம்” என்றது வெள்ளாட்டுக்கிடா.

ஆகவே லெந்து என்னும் நோன்புக் காலந்தோறும் குலுக்கலில் ஓர் ஆட்டைத் தெரிந்தெடுத்து, தவசிமணி என்ற ஓநாயோடு தொழுவில் விட்டார்கள். முதல் வருஷம் சத்தியநேசன் என்ற செம்மறிக்கிடாவின் அக்கா போனாள். காலையில் ஓநாய் மட்டும் வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது.

“கண்ண மூடி ஜெபிச்சேன் பிரதர். தொறந்து பாத்தா அக்காவக் காணோம். மேய்ப்பர் அவுகள மேல எடுத்துக்கிட்டாரு. பாவி நான் மட்டும் கெடக்கேன்.”

கூட்டமே கண்ணீர் விட்டது. இருவரில் ஒருவர் எடுத்துக்கொள்ளப்படுவார் என்று கன்வீனர் புதுக் கட்டம் ஒன்று வரைந்து டிக் போட்டது. ஆனால் இருவரும் சேர்ந்து தங்கவில்லை அல்லவா? ஆகவே தொழுவக் கட்டம் காலியாகவே இருந்தது. மறு வருஷமும் ஓர் ஆடு போயிற்று. அதற்கு மறு வருஷமும். விடப்பட்ட ஓநாய்க்காக எல்லாரும் உபவாசம் இருந்தார்கள். ஓநாய் மட்டும் கொஞ்சம் சதை போட்டது.

நாலாம் வருஷம் குலுக்கலில் சத்தியநேசன் பெயர் வந்தது. அது நேரே கன்வீனரிடம் போயிற்று.

“ஐயா, தவசிமணி பல்லுல கம்பளி மயிரு நிக்கி.”

“வஸ்திரத்த இங்கதானப்பா விட்டுட்டுப் போவாங்க.”

“தொழுவுக்குப் பின்னால எலும்பு கெடக்கு.”

“பழைய சரீரம்டே அது. அங்க புதுசு குடுப்பாங்க.”

“எனக்குப் பயமா இருக்கு ஐயா.”

“பயம் அவிசுவாசம். போயி படிவத்தப் பூர்த்தி பண்ணு.”

படிவம் வாங்க டோக்கன் உண்டு. வரிசையில் நின்றது ஒரே ஆடு. டோக்கன் எண் பதினேழு. இரண்டு பிரதி, இரண்டு போட்டோ. சத்தியநேசன் எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தது. கடைசிப் பத்தியில், ‘தம்மிலும் தகுதியுள்ளவர் இருந்தால் அவரை முன்மொழியலாம்’ என்று இருந்தது. தாழ்மைக்காக வைத்த பத்தி. அதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை.

வழியனுப்புக் கூட்டத்தில் சாட்சி சொல்ல எழுந்தது சத்தியநேசன். “நான் சாதாரண ஆடு. ஒரு வசனமும் நேராச் சொல்ல வராது. இத்தன கட்டத்தையும் நிரப்புனவர் உக்காந்திருக்க, நான் முந்திப் போறது முறையில்ல.”

கூட்டம் வெள்ளாட்டுக்கிடாவைத் திரும்பிப் பார்த்தது. சில பெண்ணாடுகள் அப்போதே விசும்ப ஆரம்பித்தன.

“நான் வெள்ளாடுல்லா” என்றது அது.

“ராஜ்யத்துல ஏது பிரதர் பாகுபாடு?” என்றது ஓநாய்.

“கணக்க இன்னொருக்காப் பாத்திருவோம். ஒரு நாப்பது வருஷம் விட்டுப்போன மாதிரி இருக்கு.”

“போன வாரந்தான ஐயா, சந்தேகப்படுறவன் பின்தங்குவான்னு பிரசங்கம் பண்ணினீக?” என்றது முன்வரிசையில் இருந்த முயல். கேலியாகச் சொல்லவில்லை. நோட்டில் எழுதி வைத்திருந்தது.

“ஊழியம் நின்னுபோயிருமேப்பா.”

“அவர் வந்துட்டா ஊழியம் எதுக்கு ஐயா?” இதையும் நோட்டைப் பார்த்துத்தான் கேட்டது.

வெள்ளாட்டுக்கிடா சத்தியநேசன் அருகே வந்து, குரலைத் தாழ்த்தியது. “நேசா, சொன்னாக் கேளு. அது ஓநாய்டே.”

“அக்கா போகும்போது தெரியுமா ஐயா?”

வெள்ளாட்டுக்கிடா தாடியைத் தடவிக்கொண்டது. கூட்டம் வழியனுப்புப் பாட்டை ஆரம்பித்துவிட்டது.

சத்தியநேசன் பேனாவை எடுத்துத் தன் பெயரை அடித்தது. கடைசிப் பத்தியில் ‘வேதமாணிக்கம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, படிவத்தை ஓநாயிடம் கொடுத்தது.

நீதி: மேன்மையான இடத்தைப் பிறருக்கு விட்டுக்கொடுப்பவன் நீடித்து வாழ்வான்.