முட்டைச் சந்தின் பெயர் தொடர்பாக

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் கல்யாணப் பெண்ணும் நலம், என் இடது முழங்கால் நீங்கலாக. அங்கே நீயும் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது, போனில் கேட்டால் "ம்" என்கிறாய். அத்தான் போனதிலிருந்து அதற்குமேல் ஒரு சொல்லை உன்னிடமிருந்து வாங்க முடியவில்லை. கல்யாணத்துக்கு வரவில்லை என்பதைக்கூட மகனை விட்டுத்தான் சொன்னாய். நான் வற்புறுத்த மாட்டேன். இது வேறு விஷயம். உன் கையெழுத்து ஒன்று வேண்டும்.

அத்தான் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த முட்டை அட்டைகள் மொத்தமும் நம் வீட்டுச் சுவரோரம் விழுந்து உடைந்த நாளிலிருந்து இது முட்டைச் சந்து. அதற்கு முன்பு நகராட்சிக் கணக்கில் மட்டும் மூன்றாம் குறுக்குச் சந்து என்று இருந்தது. யாரும் வாயால் சொன்னதில்லை. நீ புகுந்த வீட்டுக்குப் போன பிறகு ஊர் வாய் அந்த முட்டையை மென்று மென்று முட்டுச்சந்து ஆக்கிவிட்டது. இரண்டு பக்கமும் திறந்து கிடக்கிற சந்து அக்கா. ஆனால் பேரைக் கேட்டதும் ஒரு வண்டிக்காரனும் உள்ளே வருவதில்லை. கேஸ் சிலிண்டர் போடுகிறவர் முனையிலேயே நிற்கிறார். "முட்டுச்சந்துல வண்டியத் திருப்ப முடியாது சார்" என்கிறார். "திருப்பவே வேணாம்பா, நேரா போனா அந்தப் பக்கம் மெயின் ரோடு" என்றேன். "அப்புறம் ஏன் சார் முட்டுச்சந்துன்னு பேரு வெச்சிருக்கீங்க?" என்று திருப்பிக் கேட்டார். அத்தானில் தொடங்கிச் சொல்ல வேண்டும்; அதற்குள் அவர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். போன மாதம் கல்யாணத்துக்கு வாங்கிய பீரோவையும் முனையில் இறக்கிவிட்டுப் போனார்கள். நானும் பக்கத்து வீட்டு சலூன்காரரும் தூக்கி வந்தோம். முழங்கால் போனது அங்கேதான்.

குடிநீர் அலுவலகத்தில் காலமெல்லாம் மனு வாங்கியே பழகிய கை இது. ஓய்வு பெற்ற பிறகு முதல்முறையாக மனு கொடுத்தது. பழைய பெயரிலேயே ஒரு பலகை வையுங்கள் என்று கேட்டிருந்தேன். நகராட்சி இன்ஜினியர் தங்கமான மனிதர். என் முன்னாலேயே பெயின்டரைப் போனில் கூப்பிட்டு, "முட்டச்சந்துன்னு எழுதுப்பா, முட்ட, முட்ட" என்று இரண்டு தடவை சொன்னார். பலகையும் வந்தது. நீலத்தின் மேல் வெள்ளை எழுத்து, பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல. முத்தச் சந்து.

பெயின்டரைப் பிடித்துக் கேட்டேன். "போன்ல ஒரே இரைச்சல் சார். முட்டைக்குப் போயி யாராவது போர்டு வெப்பாங்களான்னு நெனச்சேன். கல்யாண வீடு இருக்கிற சந்துன்னு வேற கேள்விப்பட்டேன். நல்ல மனசோடதான் எழுதினேன்" என்றார். இப்போது வண்டிகள் தாராளமாக வருகின்றன அக்கா. எல்லாம் ஜோடி ஜோடியாக வருகின்றன. பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நேற்று ஒரு பையன் கதவைத் தட்டி, "அங்கிள், எங்க ரெண்டு பேரையும் சேத்து ஒண்ணு எடுத்துத் தர்றீங்களா?" என்றான். எடுத்தேன். பலகை சரியாக விழவில்லை என்று மறுபடி எடுக்கச் சொன்னார்கள், அதையும் எடுத்தேன். உன் தம்பி பெண்டாட்டி ஜன்னலிலிருந்து பார்த்ததிலிருந்து என்னோடு பேசுவதில்லை. மகளோ, "இருந்துட்டுப் போகட்டுமேப்பா" என்று சிரிக்கிறாள்.

சிரிக்கிற நிலையிலா இருக்கிறோம்? சம்பந்தி தமிழாசிரியராக இருந்தவர். பத்திரிகையில் போட முகவரி கேட்டு வந்தவர், பலகைக்கு முன்னால் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். "சந்திப்பிழை இல்ல. அது வரைக்கும் சந்தோஷம்" என்றார். பிறகு மெதுவாக, "ஆனா இந்த விலாசத்தப் போட்டு என் பழைய மாணவர்களுக்கு எப்படிங்க பத்திரிகை நீட்டுறது?" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

மறுபடி நகராட்சிக்கு ஓடினேன். "வெச்ச பேரை மாத்தணும்னா ஆதாரம் வேணும் சார். முட்டை உடைஞ்சதப் பாத்தவங்க யாராவது எழுதிக் கொடுக்கணும்" என்கிறார் இன்ஜினியர். நான் சத்தம் கேட்டு ஓடி வந்த சின்னப்பயல். நான் பார்த்தது தரையெல்லாம் முட்டை ஓடும், உன் செருப்பெல்லாம் மஞ்சள் கருவும், தலையைச் சொறிந்துகொண்டு நின்ற அத்தானையும்தான். ஆகவே நீதான் எழுத வேண்டும்: நீ குறுக்கே வந்தாய், வேகமாக வந்த அவர் உன் மேல் மோதாமல் சைக்கிளைச் சுவர்ப் பக்கம் திருப்பினார், முட்டைகள் விழுந்தன. நம் அப்பாவிடம் நீங்கள் இரண்டு பேரும் சொன்ன அதே வார்த்தைகள் போதும்.

இதை உன்னிடம் கேட்க எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் பெரிய பெரிய ஆட்கள் பேரையெல்லாம் மறந்துபோன ஊர், அத்தான் தவறவிட்ட முட்டைகளை மட்டும் இத்தனை நாள் ஞாபகம் வைத்திருந்தது. ஒரு பெயின்டரின் காது மந்தத்துக்கு அதைப் பறிகொடுக்க எனக்கு மனம் வரவில்லை அக்கா.

வேளைக்குச் சாப்பிடு. மகனுக்கும் மருமகளுக்கும் என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி, உனக்கு என் நமஸ்காரம்.

உன் தம்பி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் உன் போன் வந்துவிட்டது. பலகையின் படத்தை என் மகள்தான் உனக்கு அனுப்பினாளாம். இவ்வளவு எழுதியதை வீணாக்க மனமில்லாமல் அனுப்புகிறேன். வாக்குமூலம் பற்றிச் சொன்னதும், "சைக்கிள் எங்கடா வேகமா வந்துச்சு? அது நின்னுக்கிட்டுல்ல இருந்துச்சு" என்றாய். "அப்புறம் எப்படிக்கா விழுந்துச்சு?" என்று கேட்டுத் தொலைத்தேன். "ஹேண்டில்பாரப் பிடிச்சிருக்க வேண்டிய ரெண்டு கையும் வேற இடத்துல இருந்துச்சு. பெயின்டர் சரியாத்தான் எழுதியிருக்காரு. நான் வந்து பாக்குற வரைக்கும் அந்த போர்டத் தொட்ட, தெரியும் சேதி" என்றாய். சொல்லிவிட்டு நீ சிரித்ததைக் கேட்டு உன் தம்பி பெண்டாட்டி அடுக்களையிலிருந்து ஓடி வந்துவிட்டாள். இப்போது என்னோடும் பேசுகிறாள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே வா. நாளைக்குப் போய் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். காரணம் கேட்பார்கள், என்ன சொல்வது என்பதைத்தான் நீ சொல்லாமல் வைத்துவிட்டாய்.