நானே மழுக்கிய போல்ட்

இந்தச் சனிக்கிழமை தூங்கியே தீருவது என்று முடிவெடுத்தேன். வாழ்க்கையில் நானாக எடுத்த பெரிய முடிவு அதுதான். கல்யாணம்கூட மற்றவர்கள் எடுத்தது.

என் காருக்கு நான் வெறும் டிரைவர். உரிமை முழுவதும் என் மனைவி ரத்னாபாயின் பெண்கள் சங்கத்துக்கு. ஞாயிறன்று ஆலயத்தில் அசனம். சபையார் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. முதல் நாளே அண்டா, வெங்காய மூட்டை, அரிவாள்மணை, அவற்றைப் பிடித்துக்கொண்டு வரும் பெண்கள் என்று ஏற்றி இறக்குவது என் ஊழியம். எனக்கும் முதுகு உண்டு என்பதைச் சபை இதுவரை கவனிக்கவில்லை.

கர்த்தர் கவனித்தார். காலையில் டயர் பஞ்சர்.

ஸ்டெப்னியை மாட்டினால் தூக்கம் போச்சு. அதனால் தொளதொளத்த பழைய ஸ்பேனரைக் கடைசி போல்டில் வைத்துத் திருகு திருகென்று திருகினேன். போல்ட் அசையவில்லை. தலை மட்டும் மழுங்கி உருண்டையானது. இனி எந்த ஸ்பேனரும் பிடிக்காது. முகத்தில் கொஞ்சம் கிரீஸ் பூசிக்கொண்டு, துக்கச் செய்தியை ரத்னாவிடம் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. எனக்கு அப்போதே பயம் வந்திருக்க வேண்டும்.

"பரவால்ல, நீங்க வெயில்ல கெடக்காதீங்க. கார் போகலேன்னா சாமான் இங்க வரட்டும். நறுக்குற வேலைய நம்ம வீட்டுலயே வச்சுக்கலாம்."

சங்கம் ஆட்டோக்களில் வந்து இறங்கியது. என் கட்டிலில் பூசணிக்காய் படுத்துக்கொண்டது. என் கையில் ஒரு கத்தியும் என் முன்னால் வெங்காய மூட்டையும் வந்தன. தேங்காய் வாங்கி வருவதாக எழுந்தேன். தேங்காய் வந்தாயிற்றாம். மிச்சமிருந்த ஒரே சாக்கு கார் ரிப்பேர். போல்ட் கழன்றதும் பஞ்சர் ஒட்ட டயரைத் தூக்கிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் அங்கே பெஞ்சிலாவது கண் அயரலாம்.

கொல்லைப்பக்கம் போய், வெங்காயக் கண்ணீரோடு மலையாளி மெக்கானிக் ஷிஜுவுக்குப் போன் செய்தேன். எப்படியாவது அந்த போல்டைக் கழற்றிக் கொடு என்று கெஞ்சினேன்.

"அது ஈசியாக்கும் சேட்டா. தலைமேல ஒரு நட்டை வெல்டு பண்ணித் திருகினா வந்துடும்."

"அப்ப உடனே வா."

ஷிஜு தயங்கினான்.

"ரத்னா சேச்சி காலையிலயே போன்ல விளிச்சாங்க. நீங்க ஸ்பேனர் போடுறத ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டே பேசினாங்க. திங்கக்கிழமை வந்தா போதுமாம், இன்னிக்கு சேட்டனுக்கு வீட்டுல வேலை இருக்காம்."