அஞ்சுநிமிசத்தாருக்கு ஓர் ஆத்துமா தேவை

வேதம் சொல்லுகிறவர்களில், சொன்ன நேரத்துக்கு நிறுத்திய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மன்னார்க் கரையில் சைக்கிள் ஓடித் திரிந்தார். மற்றவர்கள் "கடைசியாக ஒரு வார்த்தை" என்று தொடங்கினால், அந்தக் கடைசி வார்த்தை ஆதாமிலிருந்து புறப்பட்டு வந்து சேர மத்தியானமாகிவிடும். நான் பல ஊர்களில் பல மதத்துப் பிரசங்கங்களையும் கேட்டவன். முடிவில் சோறு தருவார்கள் என்பதற்காகவே சிலவற்றைக் கேட்டவன். ஆகவே இதை அனுபவத்தில்தான் சொல்லுகிறேன்.

அவருடைய சொந்தப் பேர் ஒருவருக்கும் தெரியாது. வீட்டு வாசற் படலையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "ஒரு அஞ்சு நிமிசம் தருவீங்களோ?" என்று கேட்பார். அதனால் அஞ்சுநிமிசத்தார். ஆரம்பத்தில் அவரும் எல்லோரையும்போல் நீட்டி முழக்கியவர்தானாம். ஒருநாள் ஒரு கடைக்காரர், "அஞ்சு நிமிசம் எண்டு சொல்லி அரை மணித்தியாலம் நிண்டிட்டீர். முதல் வசனமே பொய். மிச்சத்தை எப்பிடி நம்புறது?" என்று கேட்டுவிட்டார். மனிதருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் போய் ஓர் எலாம் மணிக்கூடு வாங்கிவந்தார்.

அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மணிக்கூட்டை முறுக்கி முன்னால் வைப்பார். அது கிணுகிணுவென்று அடித்தால், வாய்க்குள் இருக்கிற சொல்லைக்கூட முடிக்காமல் எழும்பிவிடுவார். அந்த மணிக்கூட்டுக்குச் சரியாக ஐந்து நிமிடம் வைக்கவும் தெரியாது. சில வேளை எட்டாம் நிமிடத்தில் அடிக்கும். சில வேளை அவர் இருமிவிட்டு வாயைத் திறக்கும்போதே அடிக்கும். "இண்டைக்குக் கர்த்தருக்கு இவ்வளவும் காணுமாம்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறுவார்.

தலைமன்னார்க் கப்பலுக்குச் சனம் ரயிலில் போய்வந்த காலம் அது. அந்த ரயிலில் டிக்கற் இல்லாமல் வந்த என்னை முருங்கனில் இறக்கிவிட்டார்கள். எனக்கு முருங்கனும் ஒன்றுதான், மற்ற ஊரும் ஒன்றுதான். அங்கே ஒரு நெல்லு மில்லில் மூட்டை தூக்கினேன், மூட்டைக்கு மேலேயே படுத்தேன். மில்லில் வேலை குறைந்த மாதங்களில் அரிப்பு என்ற கடற்கரை ஊருக்குப் போய்க் கரைவலை இழுத்தேன். இரண்டு இடத்திலும் அஞ்சுநிமிசத்தார் வந்தார். செவ்வாய் அரிப்பு, வியாழன் முருங்கன்.

அரிப்பில் முழுக்கக் கத்தோலிக்கச் சனம். முதல் நாளே எங்கள் சம்மாட்டி, அதாவது வள்ளத்துக்கும் வலைக்கும் சொந்தக்காரர், அவரை மறித்தார்.

"என்ன காணும், எங்களுக்கே வேதம் சொல்ல வந்தீரோ? எங்கடை பூட்டன்மாரே ஞானஸ்நானம் எடுத்த ஆக்கள்."

"அப்ப கதையாக் கேளுங்கோ ஐயா. அஞ்சு நிமிசம்தான்."

யோனாவின் கதையைத் தொடங்கினார். புயல் அடிக்கிறது, கப்பல் ஆடுகிறது, மாலுமிகள் யோனாவைத் தூக்கிக் கடலில் எறிகிறார்கள், ஒரு பெரிய மீன் வாயைத் திறக்கிறது. மணி அடித்தது. அவர் மணிக்கூட்டைத் துணியில் சுற்றினார்.

"ஓய், விழுங்கினதோ?" என்றார் சம்மாட்டி.

"வாற செவ்வாய் ஐயா."

அந்தக் கிழமை முழுவதும் கடலில் வேறு பேச்சில்லை. திமிங்கிலம் என்றான் ஒருவன். இன்னொருவன், சுறாவாக இருந்தால் விழுங்க முதல் இரண்டு துண்டாக்கியிருக்கும், ஆகவே பல்லில்லாத மீன் என்றான். "மூண்டு பாகம் ஆழத்திலை அவ்வளவு பெரிசு வராது. எந்தக் கடல் எண்டு கேக்க மறந்திட்டம்" என்று சம்மாட்டி தலையில் கைவைத்தார். செவ்வாய்க்கிழமை வள்ளம் இறங்கவில்லை. கரையில் எல்லோரும் குந்தியிருந்தார்கள். யோனா மூன்று நாள் மீன் வயிற்றில் கிடந்தான் என்றதும் சம்மாட்டி கையைத் தூக்கினார்.

"மூண்டு நாளும் என்ன திண்டவன்?"

"அது எழுதியில்லை ஐயா. எனக்குத் தெரியாது."

அந்த "தெரியாது" கரையில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. தெரியாது என்று சொன்ன பிரசங்கியை அவர்கள் அதற்கு முன் கண்டதில்லை. ஆனால் ஒருவர்கூட மதம் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் பூசைக்குப் போனார்கள்.

முருங்கன் பக்கம் சைவச் சனம், வயற்காரர். மில்லுக்குப் பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்கா நெல்லுப் புடைத்தபடி தானியேலின் கதையைக் கேட்டா. சிங்கக் குகைக்குள் தானியேலைத் தள்ளிய இடத்தில் மணி அடித்துவிட்டது.

"ஐயா, கடிச்சதோ இல்லையோ? அதை மட்டும் சொல்லிப்போட்டுப் போங்கோ."

"நேரம் முடிஞ்சுது பிள்ளை."

"நான் இன்னொரு அஞ்சு நிமிசம் தாறன்."

"ஒரு நாளைக்கு ஒரு வீட்டிலை ஒருக்காத்தான். அது எனக்கு நானே போட்ட சட்டம்."

செல்லம்மாக்கா சுளகைக் கீழே போட்டுவிட்டு, கதையின் மிச்சத்தைக் கேட்க அடுத்த வீட்டுக்கு அவருக்குப் பின்னாலேயே ஓடினா. அங்கே அவர் ஏவாளும் பாம்பும் சொன்னார். "அந்தாளுக்கு மனச்சாட்சி இல்லை" என்று திட்டிக்கொண்டு திரும்பினா. அடுத்த வியாழன் விடிய எழும்பி முற்றத்தைக் கூட்டி, அவருக்கு ஒரு கதிரையும் போட்டு வைத்தா.

இப்படி ஒன்பது வருடம். ஒருநாள் மில் வாசலில் சைக்கிளைச் சாய்த்தவர், மணிக்கூட்டை எடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"இண்டைக்கு வேதம் இல்லை. யாழ்ப்பாணத்திலை இருந்து மிஷன் பெரிய ஐயா எழுதியிருக்கிறார். ஒன்பது வருசத்திலை ஒரு ஆத்துமாவும் வரேல்லையாம். வாற மாதம் முதற் சனிக்கிழமை அருவியாத்துக்கு வாறாராம். ஒராளெண்டாலும் ஞானஸ்நானம் எடுத்தால் நான் தொடரலாம். இல்லாட்டி ஊழியமும் இல்லை, சைக்கிளும் இல்லை. உங்களுக்குச் சொல்லாமல் நிக்கிறது சரியில்லை எண்டு சொன்னன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். மில் முற்றத்தில் உடனே கூட்டம் கூடியது. இவரை விடக்கூடாது என்பதில் எல்லோருக்கும் ஒரே எண்ணம். யார் மாறுவது என்பதில்தான் சிக்கல்.

"நான் மாறுவன். மகளுக்குக் கலியாணம் பேசிக்கிடக்கு. தை மாதம் எண்டால் பிரச்சினையில்லை" என்றார் சின்னத்தம்பி அண்ணை. அவருக்குச் சொந்தமாக நாலு ஏக்கர் வயல்.

"தையிலை மாறி ஆருக்கு லாபம்? அதுக்குள்ளை சைக்கிள் போயிடும்" என்றா செல்லம்மாக்கா.

"அப்ப நீ மாறன்."

"என்ரை மனுசன் முருகனுக்குக் காவடி நேந்திருக்கிறார். நான் மாறினால் அந்தாள் ஆருடைய சமையலிலை விரதம் இருக்கிறது?"

பிறகு எல்லோருடைய கண்ணும் மெல்ல மெல்லத் திரும்பி, மூட்டையில் சாய்ந்திருந்த என்னில் வந்து நின்றது.

"நெட்டையா," என்றார் சின்னத்தம்பி அண்ணை, முன்னொருநாளும் இல்லாத பாசத்தோடு. "உனக்கு ஊருமில்லை, உறவுமில்லை. நீ மாறினால் ஆர் கேக்கப்போறது?"

அது சரியான கேள்விதான். நான் யோசித்துப் பார்த்தேன். என்னிடம் மாறுவதற்கு ஒரு மதம் இருந்ததா என்பதே சந்தேகம். அந்த மாதம் முழுவதும் செல்லம்மாக்கா வீட்டில் இரண்டு வேளைச் சோறு என்று பேச்சானதும் சம்மதித்தேன். அஞ்சுநிமிசத்தாரிடம் போய், "ஐயா, எனக்கு மனம் திரும்பியிட்டுது" என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அடுத்த வியாழன் தன்னுடைய வெள்ளைச் சட்டைகளில் நல்லதைத் தோய்த்து மடித்துக் கொண்டுவந்து தந்தார். எனக்கு அது முழங்கை வரைதான் வந்தது.

சனிக்கிழமை காலை அருவியாற்றங்கரையில் திருவிழாப்போலச் சனம். அரிப்பிலிருந்து சம்மாட்டிகூட லொறியில் ஆட்களோடு வந்திருந்தார். வான் வண்டியில் வந்திறங்கிய பெரிய ஐயாவுக்கு அந்தக் கூட்டத்தைக் கண்டு கண் கலங்கியது. எல்லோரும் மாற வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றோம். அஞ்சுநிமிசத்தார் என் தலையில் கை வைத்தார்.

"தம்பி, நீ மனதார நம்புறியோ?"

நான் வேலைக்காகப் பொய் சொன்னவன். சோற்றுக்காகவும் டிக்கற்றுக்காகவும் சொன்னவன். இது ஒரே ஒரு "ஓம்". ஆனால் நான் எதைச் சொன்னாலும் நம்பத் தயாராக அந்த மனிதர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படிப்பட்டவரிடம் ஒரே பொய்யை இரண்டாம் தரம் சொல்ல எனக்குப் பழக்கமில்லை.

"இல்லை ஐயா," என்றேன். "கதையள் நல்லாப் பிடிக்கும். உண்மையோ எண்டு தெரியாது. உங்கடை சைக்கிள் போயிடும் எண்டு சனம் என்னை அனுப்பினது."

அவர் கையை எடுத்தார். பிறகு கரைப்பக்கம் திரும்பி, "ஐயா, இவருக்கு இன்னும் நம்பிக்கை வரேல்லை" என்றார்.

கரை கொதித்தது.

"டேய், முங்கடா" என்று செல்லம்மாக்கா கத்தினா. "ஒரு மாசம் திண்ட சோத்துக்கெண்டாலும் முங்கடா."

"ஒருக்கா முங்கினா என்ன, கரைஞ்சு போவியோ?" என்றார் சின்னத்தம்பி அண்ணை.

"வேணுமெண்டா நான் இன்னொருக்கா எடுக்கிறன்" என்று சம்மாட்டி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கப் பார்த்தார். அவருடைய ஆட்கள் பிடித்து நிறுத்தினார்கள்.

பெரிய ஐயாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப தண்ணிக்குள்ளை ஏன் நிக்கிறியள்?" என்று கேட்டார்.

"உண்மையைக் கதைச்சுக்கொண்டு நிக்கிறம் ஐயா" என்றார் அஞ்சுநிமிசத்தார். அப்படிச் சொன்னவர் சிரிக்கத் தொடங்கினார். ஒன்பது வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. கரையில் சனமும் திட்டுவதை நிறுத்திச் சிரித்தது.

சட்டம் சட்டம்தான். சைக்கிளை வான் வண்டிக்கு மேலே கட்டினார்கள். சம்மாட்டி அந்த இடத்திலேயே அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். மீன்வாடியில் கருவாடு காயப்போடுகிற வேலை. வியாழக்கிழமை லீவு வேண்டும், முருங்கனுக்கு நடக்கவேண்டும் என்று அஞ்சுநிமிசத்தார் கேட்டார். "நடக்க விடுறதோ? எங்கடை லொறியிலை போம்" என்றார் சம்மாட்டி.

வான் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. நான் அவருடைய வெள்ளைச் சட்டையைப் பிழிந்து நீட்டினேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா."

"எதுக்கு? ஒன்பது வருசமாச் சனம் எனக்கு ஓம் ஓம் எண்டு தலையாட்டினது. இல்லை எண்டு என்ரை முகத்துக்கு நேரை சொன்னது நீ ஒராள்தான்." சட்டையை வாங்கித் தோளில் போட்டார். "உன்ரை சொந்தப் பேர் என்ன தம்பி? ஜெபத்திலை சொல்லவேணும். நெட்டையன் எண்டு சொன்னால் மேலை ஆரெண்டு விளங்காது."

அந்த ஊரில் என் பேரைக் கேட்ட முதல் ஆள் அவர். சொன்னேன். மறந்துவிடாமல் இருக்க இரண்டு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த வருடம் நான் முருங்கனை விட்டுப் போனேன். பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை, சாப்பிடாத நாட்களும் கனக்க. இன்றைக்கும் நான் எந்தக் கோயிலுக்கும் போகிறதில்லை. ஆண்டவர் என் பேரைக் கேட்டாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அந்த மனிதர் உயிரோடு இருந்த வரைக்கும் ஒரு நாளும் தவறாமல் அதைச் சொல்லியிருப்பார். அதில் மட்டும் எனக்கு முழு நம்பிக்கை.