குழாய் கேட்டு நான் எழுதிய ஊர்ப் பெருமை

அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். எங்கள் கம்பத்துக்கு, அதாவது சிற்றூருக்கு, தண்ணீர்க் குழாய் வேண்டும் என்று மனு எழுதி, படகேறிப் போய்ப் பினாங்கு டவுன் ஆபீஸில் கொடுக்க வேண்டும்.

எங்கள் கம்பம் பட்டர்வொர்த்துக்கு அப்பால் இருக்கிறது. ஒரே தெரு. கிணற்றில் உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீருக்கு அக்கா தினமும் ரப்பர் தோட்டம் வரை நடக்கிறாள். போகிற வழியில் தோட்டத்து நாய் வேறு துரத்துகிறது.

"நீதானேடா ஏழாவது வரைக்கும் இங்கிலீஷ் படிச்சவன்! எழுதேன்!" என்றாள்.

பள்ளிக்கூடத்தை விட்டு மூன்று மாதம். வேலை கிடைக்கவில்லை. திமிர் மட்டும் குறையவில்லை. உட்கார்ந்தேன்.

கோப்பிக் கடை காதர் நானா எட்டிப் பார்த்தார். "தண்ணி இல்லேன்னு அழுதா எவன் படிப்பான்? ஊரோட பெருமையை எழுது லா! பெரிய ஊருன்னாத்தான் துரைமாரு திரும்பிப் பாப்பாங்க."

சரியென்று பட்டது. பூகோளப் புத்தகத்தில் எனக்கு மனப்பாடமானது ஒன்றே ஒன்று, ஊரை வர்ணிக்கும் முறை. எல்லைகள், வளங்கள், தொழில்கள், சரித்திரம், ஆட்சி. அப்படியே அடித்துவிட்டேன்!

சம்பான் படகைக் கட்டிப்போடும் பலகை துறைமுகம் ஆனது. முனுசாமி அண்ணனின் மாட்டுக் கொட்டகை பால் பண்ணை ஆனது. சரித்திரம் யாருக்கும் தெரியாது. ஒரு ராஜா படகு கவிழ்ந்து இங்கே கரையேறினார் என்று எழுதினேன். யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

"ஆட்சிக்கு என்ன எழுதறது நானா?"

"சாயங்காலம் என் கடை பெஞ்சியில நாலு பேரு உக்காந்து பேசறோமே, அதான்!"

ஊராட்சி மன்றம் என்று எழுதினேன்.

"தலைவர்னு என் பேரைப் போடு."

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?" என்று கொட்டகையிலிருந்து ஓடி வந்தார் முனுசாமி அண்ணன். இரண்டு பேரையும் தலைவர் ஆக்கினேன்.

கடைசியாகக் கைநாட்டு. கம்பத்தில் ஆள் பற்றவில்லை. முனுசாமி அண்ணன் பத்து விரலையும் மையில் முக்கி, ஒருவராகவே பத்துப் பேர் ஆனார். "கால் விரலும் இருக்கு, வேணுமா தம்பி?"

ஆபீஸில் மனு வாங்கும் கிராணி, அதாவது குமாஸ்தா, தமிழர்தான். மனுவைப் படித்துவிட்டு, "அடேயப்பா! இந்தப் பட்டணம் எங்க இருக்கு?" என்றார். நெஞ்சை நிமிர்த்தி வழி சொன்னேன்.

பத்தே நாளில் துரை மோட்டாரில் வந்து இறங்கினார். கூடவே கிராணி.

"துறைமுகம் எங்கேன்னு துரை கேக்கறாரு."

பலகையைக் காட்டினேன். அதில் ஒரு வாத்து நின்றது.

"மன்றம்?"

நானா பெஞ்சியைத் துண்டால் துடைத்தார். "உக்காரச் சொல்லுங்க, கோப்பி போடறேன்."

"கைநாட்டு வெச்ச ஜனங்க எல்லாம் எங்கே?"

முனுசாமி அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

துரை சிரிக்கவே இல்லை. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போனார். "சிரிக்காத துரை காரியத்தை முடிப்பாரு" என்றார் நானா.

முடித்தார்! அடுத்த மாதம் பியூன் ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவந்தான். வீட்டுக்கு வரி. பால் பண்ணைக்கு லைசென்ஸ். கடைக்கு லைசென்ஸ். பெரிய ஊர் அல்லவா!

"தலைவரைக் கேளுங்க!" என்று முனுசாமி அண்ணன் நானாவைக் காட்டினார்.

"நானா? அவருதான் தலைவரு!" என்றார் நானா.

குழாயைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ஆபீஸுக்கு ஓடினேன். கிராணி என் மனுவை எடுத்து, வளங்கள் என்ற தலைப்புக்குக் கீழே விரலை வைத்தார்.

"நல்ல தண்ணி ஏராளமா இருக்குன்னு நீயே எழுதியிருக்கே. அப்புறம் குழாய் எதுக்கு?"

"புத்தகத்துல எல்லா ஊருக்கும் அப்படித்தான் சார் போட்டிருக்கு..."

இப்போதெல்லாம் தண்ணீருக்கு நான்தான் போகிறேன். "ஏராளமா இருக்காமே, ரெண்டு குடமாக் கொண்டா" என்கிறாள் அக்கா.