லைவில் வந்த செருப்பு

நல்லது செய்யக் கிளம்புகிறவன் கையிலிருந்து முதலில் போனைப் பிடுங்க வேண்டும். ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். நான் திட்டப்போகிற மடையன் நானேதான்.

திருவண்ணாமலைக்காரர்களுக்காக முகநூலில் ஒரு பக்கம் நடத்துகிறேன். மாதாமாதம் பௌர்ணமி எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று போடுவதுதான் அதன் முக்கிய வேலை. ஒவ்வொரு கிரிவலத்துக்குப் பிறகும் கோயில் வாசலில் செருப்புகள் கேட்பாரற்றுக் குவிந்து கிடக்கும். 'இவற்றைக் கழுவி, படம் வரைந்து, செங்கல் சூளையில் வெறுங்காலோடு உழைப்பவர்களுக்குக் கொடுப்போமா?' என்று எழுதினேன். ஒரு மணி நேரத்தில் ஆள் சேர்ந்துவிட்டது. போர்டு எழுதும் யூசுப், தன் கடையையும் பெயிண்டையும் கொடுத்தார். பத்து வருடம் ஒரே தெருவில் இருந்தும் அதுவரை நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. (முகநூல் வாழ்க.)

பௌர்ணமிக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கே செருப்புகளை மூட்டை கட்டினோம்.

"திதி முடிஞ்சிடுச்சாண்ணா?" என்றார் யூசுப்.

"அதெல்லாம் விடிஞ்சதோட முடிஞ்சுது."

பதினொன்று வரை இருக்கிறது என்று என் பக்கத்தில் நானே போட்டிருந்தேன். (அடுத்தவன் படிக்கத்தானே போடுகிறோம்.) பாதிப் பேர் இன்னும் மலையைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

உச்சி வெயிலில் கடையில் லைவ் ஆரம்பித்தேன். யூசுப் அப்போதுதான் மஞ்சள் சூரியகாந்தி வரைந்து முடித்த ஒரு கறுப்புச் செருப்பைத் தூக்கிக் காட்டிப் பொங்கினேன்.

"பாருங்க, புத்தம் புதுசு. இத வீசிட்டுப் போயிருக்காங்க. இவங்களுக்கெல்லாம் மனசாட்சியே கெடையாதா?"

திரையில் இதயங்கள் பறந்தன. நடுவில் ஒரு கமெண்ட்: 'மாப்ள, அது என்னுது. கோயிலுக்கு எதிர்ல நிக்கறேன்.'

என் மாமனார். கீழ்பென்னாத்தூரிலிருந்து தரிசனத்துக்கு வந்திருக்கிறார். சர்க்கரையால் அவருக்குப் பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. டாக்டர் எழுதிக்கொடுத்து, அளவெடுத்துச் செய்த செருப்பு அது. வெயிலில் வெறுங்காலோடு நிற்கவே கூடாது என்று உத்தரவு.

போனை அணைக்கக்கூடத் தோன்றாமல் மூட்டையோடு ஓடினேன். வாசலில் ஒரு கூட்டமே வெறுங்காலில் குதித்துக்கொண்டிருந்தது. "புண்ணியம் தேடி வந்தவங்கள செருப்பு தேட வெச்சுட்டீங்களே" என்று ஒரு அம்மா வாங்கு வாங்கென்று வாங்கினார். மாமனார் மட்டும் குதிக்காமல் தார் ரோட்டில் நின்றிருந்தார்.

"சுடுதா மாமா?"

"அதான் மாப்ள எனக்குத் தெரியலயே."

வலது பாதத்தில் கொப்புளம். புண்ணாகி ஆற ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதமும் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வந்தேன். என் மனைவி என்னிடம் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: "லைக் போட்டவங்கள வந்து கட்டு மாத்தச் சொல்லுங்க."

அணைக்காத லைவை ஊரே பார்த்துச் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரித்தவர்கள்தான் பிறகு யூசுப் கடைக்குப் புதுச் செருப்புகளாக அனுப்பித் தள்ளினார்கள். சூளையில் அத்தனை பேருக்கும் கிடைத்தது. தன் கையால் எடுத்துக் கொடுத்தவர் மாமனார். நான் போட்டோவில்கூட இல்லை. அதுவும் சரிதான்.

அந்தக் கால் மட்டும் போயிருந்தால் என்று நினைத்தால், என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. அவருக்குக் கோபமே வரவில்லை. சூரியகாந்தியை அழிக்கவும் விடவில்லை. ஆனால் நான் அவர் வீட்டுப் படியேறினால் போதும், உள்ளிருந்து குரல் வந்துவிடும்: "யாரங்க, என் செருப்ப எடுத்து உள்ள வைங்க. மாப்ள சேவை செய்ய வந்துட்டாரு."