தரைக்குக் காது கொடுத்த சாமியார்

ஊரே அந்த ஆளின் காதுக்குப் பின்னால் ஓடியது. வெளியூரிலிருந்து வந்த காதுச்சாமியார். வீட்டுத் தரையில் காதை வைத்துப் படுப்பார். அங்கே முன்பு யார் இருந்தார்கள், யார் செத்தார்கள் என்று தரையே அவரிடம் சொல்லுமாம். தையற்காரர் வீடு ஒரு காலத்தில் குதிரை லாயமாக இருந்தது, அங்கே ஒருவன் தூக்கு மாட்டிக்கொண்டான் என்றார். நிஜம்தான். ஆவி அடங்கவேண்டுமே என்று தையற்காரர் வீட்டைச் சாமியார் பெயருக்கே எழுதிவைத்தார். பத்திரம் பதிந்தால்தான் ஆவிக்குத் தூக்கம் வரும்போல.

அந்த லாயத்தின் கதையைத் தோண்டியெடுத்தவர் பல் டாக்டர். ஓய்வுபெற்றபின் ஊரார் வாயை விட்டுவிட்டு ஊரையே தோண்டி, உள்ளூர் வாரப் பத்திரிகையில் வரலாறு எழுதினார். அந்தப் பக்கத்தில் ஊரார் பழைய செருப்பைச் சுற்றினார்கள். கூடப்பிறந்த தங்கையே படித்ததில்லை.

இப்போது அந்தத் தங்கைதான் சாமியாரை வரச்சொல்லியிருந்தாள். தனிக்கட்டை, இருப்பது அந்த ஒரு வீடு. தரை ஒரு சாவைச் சொன்னால் எழுதிக்கொடுத்துவிடுவாளாம். டாக்டர் எவ்வளவோ சொன்னார். பல்லைப் பற்றித்தானே உனக்குத் தெரியும் என்று வாயை அடைத்துவிட்டாள்.

அந்த வாரம் டாக்டர் முதல் தடவையாகப் பொய் எழுதினார். நூறு வருஷத்துக்கு முன்னால் தங்கை வீட்டுச் சமையலறையில் ஒரு அத்தர் வியாபாரி மனைவியை உலக்கையால் அடித்துக் கொன்றான் என்று.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் வந்தார். வாசல்வரை கூட்டம். சமையலறையில் படுத்தார். உடம்பு உதறியது.

"அத்தர் வாசனை வருது... உலக்கை... நூறு வருஷமா ஒரு பொம்பளை கதறிட்டிருக்கா."

காதால் வாசனை பிடித்த முதல் மனிதர். கூட்டம் கும்பிட்டது. தங்கை பத்திரத்தை எடுத்தாள்.

டாக்டர் குறுக்கே நின்றார். "நீ நீச்சல் எங்கே கத்துக்கிட்டே?"

"இங்கேதான். அப்போ இது குளமாச்சே. அப்பாதானே தூர்த்து..." அவள் நிறுத்தினாள். மெல்லச் சாமியார் பக்கம் திரும்பினாள். "ஏன்யா, தண்ணிக்குள்ள யாரு சமைச்சா?"

கூட்டத்தில் பாதிப்பேர் அந்தக் குளத்தில் குளித்தவர்கள்தான். ஒருவருக்கும் அதுவரை அது உறைக்கவில்லை.

டாக்டர் பத்திரிகையை விரித்துப் படித்தார். அத்தர், உலக்கை, எல்லாம் அச்சு மாறாமல் இருந்தது. லாயமும் இதில்தான் வந்ததா என்று தையற்காரர் கேட்டார். போன வருஷமே எழுதியதாக டாக்டர் சொன்னார். தையற்காரர் சாமியாரின் சட்டையைப் பிடித்தார்.

டாக்டர் சாமியாரைக் கொஞ்சம் ஏக்கத்தோடு பார்த்தார். "ஊர்ல நான் எழுதறதை ஒரு வரி விடாம படிச்ச ஒரே ஆள் நீங்கதான். அடுத்த வாரம் திருத்தம் போடறேன். அதையும் படிச்சிடுங்க."

ஊராரே, அந்தச் சாமியார் காதைத் தரையில் வைத்தான், வீடு கிடைத்தது. நீங்கள் மூளையை எங்கே வைத்தீர்கள்?