என்னைப் பார்த்து அலறிய தூண்கள்

பிரியமுள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌகரியம், என் மானம் ஒன்றைத் தவிர. அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும்.

முதலில் நல்ல சேதிகள். மூத்தவன் பிள்ளை பல் டாக்டராகித் தனியாக கிளினிக் போட்டுவிட்டான். ஊரில் பாதிப் பேர் நம் வீட்டுப் பிள்ளையிடம்தான் வாயைத் திறக்கிறார்கள். சின்னவள் பெண் நீச்சலில் பதக்கம் வாங்கினாள். அவள் தம்பியும் பரீட்சையில் தேறிவிட்டான், போன தடவை கேள்வித்தாள் சரியில்லை. எல்லாருக்கும் மேலே நம் பேத்தி ஊமைக்குட்டி! நாலு வயது வரை வாய் திறக்காமல் நம்மைக் கலங்கடித்தாளே, அவள் இப்போது துறைமுக வாசலில் நின்று கை காட்டினால் எவ்வளவு பெரிய லாரியும் நின்றாக வேண்டும். கப்பலில் வரும் இரும்புப் பெட்டிகளுக்குள் பாவிகள் அணுகுண்டுச் சரக்கை ஒளித்துக் கடத்துவார்களாம். கைப்பிடி அளவு போதுமாம், ஒரு ஊரே பாழாகிவிடுமாம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு வாசலிலும் இரண்டு தூண்கள் நட்டிருக்கிறார்கள். அந்தச் சரக்கு நடுவே போனால் தூண்கள் அலறும். இந்த வேலையை இன்னும் நன்றாகக் கற்றுவர, இத்தனை பேரில் இவளைத்தான் வெளிநாட்டுக்கு அனுப்பத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

இனிதான் விஷயம். கொஞ்ச நாளாக மாடி ஏறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. தெரிந்தால் இவள் வெளிநாடாவது ஒன்றாவது என்று என் கட்டிலடியிலேயே உட்கார்ந்துவிடுவாள். அதனால் தையல்காரரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏதோ ஊசி போட்டு இதயத்தைப் படம் பிடித்தார்கள். "இந்த மருந்து ரெண்டு மூணு நாள் உடம்புல இருக்கும்மா. விமான நிலையம், துறைமுகம்னு போனீங்கன்னா காவல்காரங்ககிட்ட முதல்லயே சொல்லிடுங்க"ன்னு அந்த நர்ஸ் பெண் படித்துப் படித்துச் சொன்னாள். நான் எந்த விமானத்தில் ஏறப்போகிறேன் என்று காதில் போட்டுக்கொள்ளவில்லை. துறைமுகம் என்றாளே, அது மட்டும் மண்டையில் ஏறியிருக்கக் கூடாதா?

மறுநாள் துறைமுகத்தில் இவள் ஆபீசில் குடும்பத்தாரைக் கூப்பிட்டு விருந்து. புதுப்புடவை கட்டி, ஆட்கள் நடந்து போகும் வாசலில் நிமிர்ந்து நுழைகிறேன், அலறியதே பார் அந்தத் தூண்கள்! சிவப்பு விளக்கு சுழல்கிறது, கதவு தானாக மூடுகிறது, பக்கத்து வாசலில் லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். யாரோ கடத்தல்காரன் மாட்டிக்கொண்டான் என்று நானும் திரும்பிப் பார்க்கிறேன், பின்னால் ஒரு ஈ காக்கை இல்லை. மாட்டிக்கொண்டது நான்!

ஓடி வந்தவள் யார், நம் ஊமைக்குட்டி. கட்டிப்பிடிப்பாள் என்று கையை நீட்டினேன்.

"அம்மா, அங்கயே நில்லுங்க. உங்க பேரு என்ன?"

"அடியே, உனக்குப் பேரு வச்சதே நான்தான்டி!"

"இருக்கட்டும்மா. உங்க பேரு?"

பெரிய அதிகாரியே வந்து கெஞ்சினார். "உன் பாட்டிதானேம்மா, விடு. பாவம், வயசானவங்க."

அதற்கு அவள் சொன்னதைக் கேள். "பாட்டின்னு விட்டோம்னா, நாளைக்கு கடத்தல்காரனுங்களும் ஒரு பாட்டியைத்தான் சார் அனுப்புவானுங்க."

கண்ணாடி அறையில் என்னை உட்காரவைத்து, கையிலிருந்த சோதனைப் பெட்டியை எனக்கு மேலும் கீழும் காட்டினாள். அது மருந்தின் ஜாதகத்தையே சொல்லிவிட்டது. "இது ஆஸ்பத்திரியில ஏத்துற மருந்து, அணுகுண்டுச் சரக்கு மாதிரி இதுலயும் கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு. எந்த ஆஸ்பத்திரி?" என்றாள். தையல்காரர் என்றேன். முறைத்தாள். அப்புறம் எல்லாவற்றையும் கக்கினேன். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, அவர்கள் ஆமாம் என்ற பிறகுதான் கதவைத் திறந்தாள். திறந்ததும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு என் மடியில் விழுந்து, "எங்கிட்ட ஏன் பாட்டி சொல்லல? நான் எங்கயும் போகல"ன்னு ஒரே அழுகை.

அதனால் தம்பி, அவளிடம் இனிமேல் நான் பேசுவதாக இல்லை. பெற்ற மகனின் மகள் என்னைப் பேர் கேட்டுவிட்டாள். நீ உடனே அவளுக்கு ஒரு கடிதம் போடு: அக்கா கல்லு மாதிரி இருக்கிறாள், தைரியமாகக் கிளம்பு என்று. இதைப் படித்ததும் கிழித்துவிடு, உன் வீட்டுக்காரி கண்ணில் பட வேண்டாம். உங்கள் எல்லோரையும் நல்ல காலம் தேடி வரட்டும்.

அன்புள்ள அக்கா

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்குள் ஊமைக்குட்டி பிடுங்கிப் படித்துவிட்டாள். நான் கல்லு மாதிரி எல்லாம் இல்லை. ஒரு ரத்தக்குழாயில் சின்ன அடைப்பு, மாத்திரை போதுமாம். நாளும் போனில் உண்மையைச் சொல்கிறேன் என்று சத்தியம் செய்தேன், அவளும் கிளம்ப ஒத்துக்கொண்டாள். நாங்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம், ஓயாமல். கடிதத்தைக் கிழிக்காதே, உன் வீட்டுக்காரிக்கு உரக்கப் படித்துக் காட்டு. அவளுக்கும் தெரியட்டும், நம் அம்மாவுக்கும் இப்படித்தான் மூச்சு வாங்கியது. கடைசியாக நீ அனுப்பிய படத்தில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய், சிரிப்பும் சரியாக இல்லை. நீ எந்தத் தையல்காரரிடம் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. எதையும் பிடிக்காமல் நின்று புதிதாக ஒரு படம் எடுத்து உடனே தபாலில் அனுப்பு.